கடல் வருகிறது என்று சிவபாதசுந்தரத்தார் சொன்னபோது

கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் தொடர்மாடியில் எனக்கு எதிர்வீட்டுக்காரர் சிவபாதசுந்தரத்தார். ஆளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒல்லியான மனிதர், அறுபத்தெட்டு வயது, எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. காலையில் காலி வீதிப் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போவார், மாலையில் ரயில் பாதை ஓரமாக நடப்பார். ஆனால் அவருடைய குரலைக் கேட்காத தமிழ் வீடு கொழும்பில் இல்லை. அதைக் கேட்க விரும்பிய வீடும் இல்லை. இருபத்தாறு வருடம் வானொலியில் மரண அறிவித்தல் வாசித்தவர் அவர்.

எங்கள் ஆட்களுக்கு மரண அறிவித்தல் செய்தியை விட முக்கியம். "அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட..." என்று அவர் தொடங்கினால் வீட்டில் கிரைண்டர் நிற்கும், குளிக்கிறவர் தண்ணீரை நிறுத்துவார், சண்டை பிடிக்கிற புருஷன் பெண்சாதி கூட ஒரு நிமிடம் சமாதானமாவார்கள். ஆள் யாரென்று தெரியும்வரைதான் அந்த அமைதி. பெயர் விழுந்த அடுத்த கணம் எல்லோரும் போனுக்குப் பாய்வோம். "கேட்டனியோ, எங்கடை கந்தோரிலை வேலை செய்த மனுசன் செத்துப்போட்டாராம்!" மருமக்கள், பேரப்பிள்ளைகள், கிரியை எத்தனை மணிக்கு, தகனம் எங்கே என்பதையெல்லாம் அந்த மனிதர் காற்றுக்குத்தான் வாசித்துக்கொண்டிருப்பார். ஒரு அறிவித்தலைக் கடைசிவரை கேட்ட ஒருவரை நான் இந்த வயதுவரை சந்தித்ததில்லை. கிரியை நேரத்தைப் பிறகு சிவபாதசுந்தரத்தாரின் வீட்டுக்கே போன் அடித்துக் கேட்பார்கள்.

அவர் வாசித்தால் வாசித்ததுதான். செத்தவர் எழும்பி வந்து முன்னால் நின்றாலும் நாங்கள் சிவபாதசுந்தரத்தாரைத்தான் நம்புவோம்.

அவருடைய கரைச்சல் என்னவென்றால், வெளியில் பேச அவரிடம் அந்த ஒரு குரல்தான் இருந்தது. பேக்கரியில் "ஒரு றாத்தல் பாண்" என்று அவர் கேட்டால் கல்லாவில் இருக்கிற சிங்களப் பெடியன் தலையைக் குனிந்துகொள்வான். லிஃப்டில் "குட் மோர்னிங்" சொன்னால் மூன்றாம் மாடி மாக்ரெட் அன்ரி கழுத்துச் சிலுவையைத் தொட்டுப் பார்ப்பா. கலியாண வீடுகளில் அவருக்கு முன்வரிசையில் கதிரை கிடைக்கும், மைக் கிடைக்காது. சொந்த மகள் சாம்பவியின் கலியாணத்திலேயே வரவேற்புரை சொல்ல மைக்கைப் பிடித்தார். "இன்று எம்மத்தியில்..." என்று தொடங்கியதும் மாப்பிள்ளையின் தாய் கண்ணைத் துடைக்க லேஞ்சியைத் தேடத் தொடங்கிவிட்டா. அவருடைய மனைவி நேசமலர் அக்கா எழும்பிப் போய், சிரித்துக்கொண்டே மைக்கை அவர் கையிலிருந்து கழற்றி எடுத்தா. மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் லிஃப்டில் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, சாகிறதுக்கு முதல் உயிரோடை இருக்கிற சனத்தைப் பற்றி நாலு வார்த்தை கதைச்சுப் பாக்க வேணும்." பகிடி என்று நினைத்து அதற்கும் சிரித்தேன். அந்த மனிதருக்குப் பகிடி விடத் தெரியாது என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

போன வருடம் அந்தச் சந்தர்ப்பம் வந்தது. நுகேகொடையில் ஒரு புடவைக் கடைக்கு மேலே றிஸ்கான் என்பவர் ஒலிப்பதிவு கூடம் வைத்திருக்கிறார். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் குரல் போட்டுத் தொலைக்காட்சிக்குக் கொடுப்பது அவருடைய தொழில். அவருக்கு ஒரு விஞ்ஞானப் படம் வந்தது. பெயர் எனக்கு இன்றைக்கும் வாயில் நுழையாது. ஏதோ ஒரு குளிர் தேசம், எல்லோரும் கோட்டுப் போட்டிருப்பார்கள். அங்கே ஒரு விஞ்ஞானி ஒரு இயந்திரம் செய்கிறார். ஒன்பது மணித்தியாலத்துக்குப் பிறகு நடக்கப் போகிற அழிவு அதன் கண்ணாடியில் இப்போதே தெரியும். பாலம் விழப் போகிறது என்கிறார், ஒருவரும் நம்பவில்லை, விழுகிறது. சுரங்கப் பாதை இடியப் போகிறது என்கிறார், நம்பவில்லை, இடிகிறது. கடைசியாகக் கடல் வருகிறது என்கிறார். அதற்கும் ஒரு குஞ்சும் அசையவில்லை. பாலமும் சுரங்கமும் போன பிறகுமா என்று கேட்கக் கூடாது. அந்த ஊர்ச் சனம் அப்படி.

விஞ்ஞானிக்குப் பெரிய குரல் வேண்டுமென்று றிஸ்கான் சிவபாதசுந்தரத்தாரைத் தேடி வந்தார். மனிதர் அன்றைக்கே சம்மதித்துவிட்டார். தொடர்மாடியில் சொன்னால் பகிடி பண்ணுவோம் என்று, முழங்காலுக்கு வைத்தியம் செய்ய நுகேகொடைக்குப் போகிறேன் என்று எங்களுக்கு ஒரு கதையை அவிழ்த்துவிட்டார். நேசமலர் அக்காவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். நான் இங்கே சொல்வதில் பாதி பிறகு அவவும் றிஸ்கானும் சொல்லித் தெரிந்ததுதான்.

கூடத்தில் முதல் நாளே சிக்கல். திரையில் விஞ்ஞானி தலையைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறார், சிவபாதசுந்தரத்தாரோ ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தையும் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து வெளியே விடுகிறார்.

"அங்கிள், படத்துல ஒத்தரும் ஒங்கள நம்பப்படாது," என்றார் றிஸ்கான். "நீங்க செல்ற விதத்தப் பாத்தா எனக்கே பேக்கைத் தூக்கிட்டு ஓடணும் போல ஈக்குது."

"நான் உள்ளதைத்தானே தம்பி வாசிக்கிறன்."

"வாசிக்கத்தான் வாணாங்கிறேன். கெஞ்சுங்க."

கடைசிக் காட்சிதான் பெரிய கண்டம். கடல் வந்துகொண்டிருக்கிறது. விஞ்ஞானியின் மனைவி வீட்டில் பாணுக்கு மா பிசைந்துகொண்டிருக்கிறா. இவர் போனில் கூப்பிடுகிறார்: "வெளியே வா. இந்த ஒருமுறை என்னை நம்பு." அவ்வளவுதான் வசனம். இதைச் சிவபாதசுந்தரத்தார் சொன்னபோது, அந்தப் பெண் செத்து, எட்டாம் நாள் கிரியையும் முடிந்து, முப்பத்தோராம் நாளுக்கு ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதைப் போல இருந்ததாம். இது றிஸ்கான் சொன்ன கணக்கு. இருபது தரம் எடுத்தார்கள். இருபது தரமும் அதே மாதிரி.

வீட்டிலும் பழகினார். அக்கா சமைக்கிற குசினி வாசலில் நின்று, "வெளியே வா. கடல் வருகிறது," என்பார்.

"வரேக்கை நல்ல மீனாக் கொண்டுவரச் சொல்லுங்கோ," என்பா நேசமலர் அக்கா, திரும்பியும் பாராமல்.

இரண்டு கிழமை போயிற்று. றிஸ்கான் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் தொலைக்காட்சிக்காரர் கெடு வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் கடைசிக் காட்சி சரிவராவிட்டால் அஷ்பாக் என்ற வேறொருவரைப் போட வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சிவபாதசுந்தரத்தார் சாப்பிடவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் கூடத்துக்குள் போய்ப் போனை நிறுத்தினார். அதே காலை ஒன்பது மணிக்கு, படத்துக்கான விளம்பரம் வானொலியில் போனது. றிஸ்கான் கெட்டித்தனம் பண்ணியிருந்தார். சங்கீதம் இல்லை, சத்தம் இல்லை, முன்பே பதிந்து வைத்த சிவபாதசுந்தரத்தாரின் வெறும் குரல் மட்டும். போட்ட நேரம், செய்தி முடிந்து மரண அறிவித்தல் தொடங்குகிற நேரம்.

நான் கருவாட்டுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வானொலி சொன்னது: "இன்று மாலை ஆறு மணிக்குக் கடல் நகருக்குள் வரும். கரையோர மக்கள் அனைவரும் உயரமான இடங்களுக்குச் செல்லவும்."

அந்தக் குரல். ஓய்வு பெற்று இரண்டு வருடமான மனிதரைத் திரும்பக் கூப்பிட்டு வாசிக்க வைத்திருக்கிறார்கள் என்றால் பெரிய சாவுதான் வரப்போகிறது என்று என் புத்தி உடனே கணக்குப் போட்டது. கத்தியைப் போட்டுவிட்டுப் போனுக்குப் பாய்ந்தேன். வெள்ளவத்தை முழுக்கப் பாய்ந்தது. "...என்று எச்சரித்த விஞ்ஞானியின் கதை, வரும் ஞாயிறு மாலை உங்கள் தொலைக்காட்சியில்" என்று மிச்சம் போனதை ஒருவரும் கேட்கவில்லை.

சுனாமியில் ஒருமுறை வந்த கடல்தானே. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ரயில் பாதைதான் இருக்கிறது. அதனால் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற தங்கச்சிக்குச் சொன்னேன். அவள் அங்கே நாலு பேருக்குச் சொன்னாள். ஒரு மணித்தியாலத்தில் கீழ்மாடிக்காரி வந்து, "கனடாவிலையும் சொல்லுகினமாம்," என்றாள். கனடாவே சொல்லிவிட்டது என்றதும் எனக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

நேசமலர் அக்காவின் கதவைப் போய்த் தட்டினேன். "அக்கா, கடல் வருதாம்! அண்ணை றேடியோவிலை சொல்லிப்போட்டார்!"

"அது படம், பிள்ளை. நுகேகொடையிலை எடுக்கினம். நான் பருப்பு அடுப்பிலை வைச்சிருக்கிறன்," என்று கதவைச் சாத்திவிட்டா. அதிர்ச்சியில் மனுசிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆட்களின் அலுமாரிக்குள் எப்போதும் ஒரு பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதி, இரண்டு சங்கிலி. கலவரத்துக்கும் சண்டைக்கும் எத்தனை தரம் ஓடியவர்கள் நாங்கள்! எதை எடுப்பது என்று யோசிக்கத் தேவையில்லை. நான் அந்தப் பையையும் ரைஸ் குக்கரையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். ரைஸ் குக்கர் ஏன் என்று என்னைக் கேட்கக் கூடாது. மாக்ரெட் அன்ரி மாதா சொரூபத்தோடும் ஒரு போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாயோடும் வந்திருந்தா. ஐந்தாம் மாடியில் இருக்கிற, கம்பனிக் கணக்குப் பார்க்கிற எக்கவுண்டன் நாகேந்திரம், கழுத்தில் கட்டிய ரையும் இடுப்பில் பேரப்பிள்ளையின் நீச்சல் வளையமுமாக நின்றார். ஆபத்து நேரத்தில் லிஃப்ட் ஓடக் கூடாது என்று அதன் மின்சாரத்தை நிறுத்தியவரும் அவர்தான்.

கூடத்தில் அன்று எடுத்ததும் பிழையாகத்தான் போயிருந்தது. பகல் கடந்து சிவபாதசுந்தரத்தார் வெளியே வந்து போனைத் திறந்தால் நூற்றுக்கு மேல் அழைப்பு. றிஸ்கான் தன் காரில் அவரைக் கொண்டுவந்து இறக்கும்போது நாலு மணி. லிஃப்ட் இல்லை. ஏழு மாடியும் ஏறி, சட்டை நனைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடி வாசலில் வந்து நின்றார்.

"கடல் வராது," என்றார்.

எங்களுக்கு அவரைத் தெரியும், ஆனால் அந்தக் குரலைத் தெரியவில்லை. மூச்சு வாங்கி, கீச்சிட்டு, நடுவில் உடைந்து போன ஒரு குரல்.

"சத்தியமாச் சொல்லுறன், கடல் வராது. அது படம். நான்தான் கதைச்சது. கீழை இறங்குங்கோ, வயசுபோனவை வெயிலிலை நிக்கினம்..."

நாகேந்திரம் நீச்சல் வளையத்தைச் சரிசெய்துகொண்டு, "அண்ணை, நாங்கள் பயப்பிடக் கூடாதெண்டு பொய் சொல்லுறியள். காலமை உண்மையைச் சொல்லிப்போட்டியள், அது காணும்," என்றார்.

"எட, நான் ஏன் பொய் சொல்லுறன்? ஒருக்கா நம்புங்கோவன்!"

ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. காலையில் கேட்டதுதான் சிவபாதசுந்தரத்தார், இது யாரோ ஒரு பதறிய மனிதர். றிஸ்கான் போனில் விளம்பரத்தை முழுதாகப் போட்டுக் காட்டினார். கடைசித் துண்டு பிறகு ஒட்டியது என்று தீர்ப்புச் சொன்னோம். சிவபாதசுந்தரத்தார் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, கையைப் பிடித்து, கும்பிட்டுக் கெஞ்சினார். இருபத்தாறு வருடம் அவர் சொன்ன ஒரு சொல்லை நாங்கள் தட்டியதில்லை. அன்றைக்கு அவர் கண் கலங்கி நின்றபோது முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டோம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு றிஸ்கான் உதவிக்கு வரவில்லை. படிவாசலில் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறு மணிக்குக் கடல் வரவில்லை. கோட்டை ஸ்டேசனிலிருந்து ரயில் வந்தது, வழக்கம்போல் வேலை முடிந்த கந்தோர்ச் சனம் வாசலில் தொங்கிக்கொண்டு போனது. ஆறு பத்துக்கு நுளம்பு வந்து கடித்தது. இறங்கினோம். படியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை மன்னிப்புக் கேட்க ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எதிர்வீட்டுக்குப் போனேன். எனக்கு முதல் றிஸ்கான் வந்து இருந்தார். தொலைக்காட்சிக்கு ஏகப்பட்ட முறைப்பாடு. மேலதிகாரி, அந்தக் கிழவரின் குரலைப் படத்திலிருந்து ஒரு சொல் விடாமல் எடுத்து எறி என்று சொல்லிவிட்டாராம்.

சிவபாதசுந்தரத்தார் தலையை ஆட்டினார். "சரி தம்பி. எனக்கு விதிச்சது அவ்வளவுதான்." இதை மட்டும் பழைய குரலில், அவ்வளவு அழகாகச் சொன்னார்.

"இல்ல அங்கிள். நேத்து மேல நிண்டு செல்லினீங்களே, அந்த மாதிரி ஒருக்கா வந்து செல்லுங்க. அஷ்பாக்கைப் புறகு பாப்போம்."

"அது ஒரு குரலே? மூச்சு முட்டிக் கத்தினது."

"அதத்தான் ரெண்டு கிழமையாக் கேட்டுட்டு ஈக்கிறேன்!"

மனிதருக்குக் கூச்சம். நல்ல சட்டை போடாமல் சபைக்கு வரச் சொன்ன மாதிரி நெளிந்தார். நேசமலர் அக்கா உள்ளே இருந்தபடியே, "போயிட்டு வாங்கோவன்," என்றா. போனார். கடைசிக் காட்சி முதல் தரத்திலேயே சரிவந்ததாம். பிறகு மூன்று நாளாக முழுப் படத்தையும் அதே குரலில் திரும்ப எடுத்தார்கள். மேலதிகாரி கேட்டுவிட்டு, "இந்தப் புது ஆள் நல்லாச் செய்யிறார், அவரை விட்டுடாத," என்றாராம். றிஸ்கான் ஆமென்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் பத்துப் பேர் சிவபாதசுந்தரத்தார் வீட்டு ஹோலில் நிறைந்துவிட்டோம். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ஆளுக்கொரு பலகாரம் கொண்டுபோனோம். படம் தொடங்கியது. விஞ்ஞானி வந்தார், ஓடினார், கத்தினார். கால் மணித்தியாலம் போனது.

"உங்கடை எப்ப வரும்?" என்று மாக்ரெட் அன்ரி கேட்டா.

"இதுதான் நான்," என்றார் சிவபாதசுந்தரத்தார்.

எல்லோரும் திரையைப் பார்த்தோம். ஒரு கரகரத்த, பதறுகிற, வீட்டுக் கதவின் திறப்பைத் தொலைத்த மனிதருடைய குரல். மாக்ரெட் அன்ரி என்னைப் பார்த்தா. நான் நாகேந்திரத்தைப் பார்த்தேன். பாவம், குரலை எடுத்துவிட்டார்கள், சொல்ல வெட்கப்படுகிறார் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசிக் காட்சியில் மட்டும் ஹோல் அடங்கியது. "வெளியே வா," என்றது அந்தக் குரல். "இந்த ஒருமுறை என்னை நம்பு." மா பிசைந்த கையோடு அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தா. யார் பெற்ற பிள்ளையோ, எப்படிக் கெஞ்சுகிறான் என்று, கையில் எடுத்த பலகாரத்தைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டேன்.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் சவர்க்கார விளம்பரம் வந்து மூடிவிட்டது. நாகேந்திரம் எழும்பிச் சிவபாதசுந்தரத்தாரின் தோளைத் தட்டினார். "பரவாயில்லை அண்ணை. அடுத்த படத்திலை உங்களுக்குத் தருவினம்."

"இல்லை, அது நான்தான், நாகேந்திரம்."

"ஓம் ஓம்," என்று நாகேந்திரம் செருப்பை மாட்டினார். எல்லோரும் ஓம் ஓம் என்றுதான் வெளிக்கிட்டார்கள். சிவபாதசுந்தரத்தார் கதவைச் சாத்திவிட்டு வந்து, நிறுத்திய தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்.

நான் மட்டும் நின்று, தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போனேன். நேசமலர் அக்கா தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு, ஒன்றும் கழுவாமல் நின்றா.

"உண்மையைச் சொல்லுங்கோ அக்கா, அது அண்ணையோ?"

"வேறை ஆர்?" என்றா. "நாப்பத்திரண்டு வருசத்துக்கு முந்தி சுன்னாகத்திலை எங்கடை படலையிலை நிண்டு இதே குரலிலைதான் கூப்பிட்டவர். அப்பா இவருக்கு என்னைத் தர ஒத்துக்கொள்ளேல்லை. அடுத்த நாள் எனக்கு வேறை இடத்திலை பேசி முடிக்கிறதா இருந்தது. வெளியாலை வா, ஒருக்கா என்னை நம்பு எண்டு, மூச்சு வாங்க வாங்க..."

"நீங்கள் உடனை நம்பியிட்டியளாக்கும்!"

நேசமலர் அக்கா ஒரு கோப்பையை எடுத்துக் கழுவத் தொடங்கினா.

"எங்கை நம்பினது? நம்பாமல்தான் வந்தனான்."